தோன்றா எழுவாய்

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், இரவு எட்டரை மணிக்கு, உங்கள் ஊரின் ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடை முன்னால் போய் நின்று பாருங்கள். கடையை அடைக்கப்போகிற அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். வேலைக்குப் போய்வந்த பையைக்கூட இறக்கிவைக்காதவர்கள், நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர்கள், தூங்கி வழியும் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள். "அண்ணா, செவப்பு கிளேஸ் பேப்பர் ரெண்டு, தங்கக் கலர் இருக்கா, ஜிகினா ஒரு பாக்கெட்." கடைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். "ஸ்டாரா, மரமா?" என்று மட்டும் கேட்பார். ஆகஸ்டில் "கொடியா?" என்று கேட்டவர், ஜனவரியில் "பொங்கப் பானையா?" என்று கேட்கப்போகிறவர். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் பண்டிகைகள் பஞ்சாங்கம் எழுதுபவரைவிட அவருக்குத்தான் அத்துப்படி.

அன்று மாலை அந்தப் பெண்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் சொன்னால் இப்படி: குழந்தைகள், பெற்றோரின் உதவியுடன், வண்ணத்தாளில் ஒரு நட்சத்திரம் செய்து நாளை எடுத்துவரவும்.

நான் தமிழ் இலக்கணம் நடத்திப் பிழைப்பவள். இந்த வாக்கியத்தை வகுப்பில் கொடுத்தால் மாணவிகள் சட்டென்று பிரித்துவிடுவார்கள். எழுவாய், குழந்தைகள். பயனிலை, எடுத்துவரவும். 'பெற்றோர்' பலர்பால், அப்பாவும் அம்மாவும் அதற்குள் அடக்கம். எல்லாம் சரிதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தை ஐந்து முனை நட்சத்திரம் செய்யாது என்பது செய்தியை அனுப்பியவருக்குத் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். 'பெற்றோர்' என்ற பலர்பாலில் இருவரில் யார் கத்தரிக்கோலைத் தேடப்போகிறார் என்பதும் தெரியும். ஆக, வெளிப்படையாக ஓர் எழுவாய் இருக்கிற வாக்கியத்துக்குள் இன்னொரு எழுவாய் ஒளிந்து நிற்கிறது. தோன்றா எழுவாய்க்கு இலக்கண நூல் கொடுக்கும் இடம் கொஞ்சம்தான். நம் குடும்பங்கள் கொடுத்திருக்கும் இடம் பெரிது.

பண்டிகைக்கு வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து காகித அலங்காரம் செய்வது இன்பமான காரியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெண்கள் பத்திரிகைகள் சொல்கின்றன, யூடியூப் சொல்கிறது, குழந்தை வளர்ப்பு நிபுணர்கள் சொல்கிறார்கள். அது யாருக்கு இன்பம், யாருடைய இரவில் அது நடக்கிறது, முடிந்தபின் அதில் யார் பெயர் எழுதப்படுகிறது என்று கேட்பது மட்டும் பண்டிகை நேரத்தில் அபசகுனமாகிவிடுகிறது. நான் அந்த அபசகுனத்தைச் செய்யப்போகிறேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஐந்து முனை நட்சத்திரம் அத்தனை எளிதில்லை. வட்டத்தை ஐந்தாகப் பிரிக்க 72 பாகை அளக்க வேண்டும். பாகைமானி பெரிய பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எப்போதோ காணாமல் போயிருக்கும். யூடியூபில் தேடினால், பூச்சுப் போட்ட நகங்களோடு இரண்டு கைகள் மூன்று நிமிடத்தில் செய்து காட்டும். அந்தக் கைகளுக்கு முகம் இல்லை, பக்கத்தில் குழந்தை இல்லை, கழுவாத பாத்திரம் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் மதுரையிலும் திருச்சியிலும் ஆறு முனைப் பனித்துகள்களை வெட்டி ஜன்னலில் ஒட்டுகிறோம். வெளியே மார்கழியிலும் வேர்க்கிறது. அது போகட்டும். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் குழந்தை முதல் வெட்டில் ஒரு முனையைத் துண்டாக்கிவிடும். "நீ பிடிச்சுக்கோ, அம்மா வெட்டறேன்." பத்து மணிக்குக் குழந்தை அங்கேயே தூங்கிவிடும். ஃபெவிகால் காயவில்லை என்று மின்விசிறியைக் கூட்டினால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது. ஜிகினா தரையில், பாயில், குழந்தையின் தலைமுடியில். அடுத்த வாரம் வரைக்கும் சாம்பார் சாதத்திலும் ஒன்றிரண்டு மின்னும்.

காலையில் அப்பா பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கே" என்பார். பைக்கின் முன்னால் குழந்தை, குழந்தையின் கையில் நட்சத்திரம். பள்ளி அறிவிப்புப் பலகையில் அதன் கீழே குழந்தையின் பெயர், வகுப்பு, பிரிவு. நன்றாக இருந்தால் பரிசு. நன்றாக இல்லை என்றால் "வீட்டுல கவனிக்கறதில்லையா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி வரும்போது மட்டும் தோன்றா எழுவாய் தோன்றிவிடும். அப்போது அது பலர்பாலும் இல்லை, பெண்பால்தான்.

ஆண்களுக்குக் காகித வேலை வராது, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது என்றொரு சமாதானம் உண்டு. சுத்தப் பொய். தையற்கடையில் துணி வெட்டுபவர் யார்? பட்டம் கட்டுபவர் யார்? ஊர்த் திருவிழாவுக்கும் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கும் சணல் கயிற்றில் முக்கோணக் கொடிகளை வரிசையாக ஒட்டித் தெரு முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கட்டுபவர்கள் இளைஞர்கள்தான். வாளி நிறைய மைதாப் பசை இருக்கும். (அதைக் காய்ச்சிக் கொடுத்தது யார் என்று இப்போது கேட்க வேண்டாம்.) தென்மாவட்டங்களில் மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, ஆளுயர நட்சத்திரத்தை மரத்தின் உச்சியில் ஏற்றுவதும் அவர்கள்தான். இரவெல்லாம் விழித்துச் செய்வார்கள். அழகாகச் செய்வார்கள். அந்த வேலைக்குத் தெரு இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறது, முடிந்ததும் தேநீரும் கைதட்டலும் இருக்கின்றன. அதே இளைஞன் அப்பாவானதும் வீட்டுக்குள் ஏணியில் ஏறி ஆணி அடிப்பதோடு தன் பங்கு முடிந்தது என்கிறான். புகைப்படம் எடுக்கப்படும் தருணமும் சரியாக அந்த ஏணித் தருணம்தான்.

காகிதம் ஆண் கைக்குப் போகும்போது அதற்குப் பெயரே மாறிவிடும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் பல முனைக் காகித நட்சத்திரம் ஒன்று உண்டு. மொராவிய நட்சத்திரம் என்பார்கள். நம் தெருக்களில் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரம் வேறு, அது வேறு. எல்லாத் திசையிலும் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது பிறந்த இடம் யாருடைய வீட்டுக்கூடமும் இல்லை. 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவிய சபையார் நடத்திய ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில், வடிவியல் பாடத்துக்கான பயிற்சியாக அதைச் செய்யவைத்தார்கள். பையன்கள் காகிதத்தை வெட்டி ஒட்டினார்கள், அது கணிதம். பிறகு அது கடைச்சரக்காகி, தொழிற்சாலைப் பொருளாகவும் ஆயிற்று. அவர்கள் செய்த நட்சத்திரத்தைப் பற்றி யாரும் 'எவ்வளவு பாசமாகச் செய்திருக்கிறான்' என்று எழுதிவைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், சென்னைக்கே வருவோம். 1893இல் இங்கே ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. எழுதியவர் டி. சுந்தர ராவ், அரசின் வருவாய்த் துறையில் அதிகாரி. காகித மடிப்பு வழியாக வடிவியல் பயிற்சிகள் என்பது அதன் பொருள். அளவுகோலும் கவராயமும் இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அதற்கும் மேற்பட்ட பலகோணங்கள் என்று கொண்டுபோவார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. நம் ஊர்க்காரரின் பெருமை, மறுக்கவில்லை, மகிழ்கிறேன். ஆனால் அவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அவரே சொல்கிறார்: கிண்டர்கார்ட்டன் பெட்டியில் இருந்த காகித மடிப்பிலிருந்து. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஃபிரெடரிக் ஃப்ரோபெல் வகுத்த பயிற்சி அது. 1837இல் அவர் தொடங்கிய பள்ளிக்கு மூன்று ஆண்டுகள் கழித்துக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். அவர் வழியில் பயிற்சி பெற்றுப் பிள்ளைகளுக்குத் தாள் மடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே சம்பளம் வாங்கித் தந்த முதல் வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரே தாள், ஒரே மடிப்பு. வகுப்பறையில் ஒரு பெண் செய்தால் பிழைப்பு, அதிகாரி ஒருவர் எழுதினால் கணிதம், வீட்டில் அம்மா செய்தால் 'டைம் பாஸ்'.

என் மாணவிகள் நீளமான காகிதப் பட்டையை முடிச்சுப்போட்டு, தட்டையாக அழுத்தி, குட்டிக் குட்டி நட்சத்திரங்களாக உப்பவைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பித் தோழிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பார்கள். பட்டையை அப்படி முடிச்சுப்போட்டு அழுத்தினால் வருவது சரியான ஐங்கோணம். 72 பாகை அளக்க வேண்டிய தேவையே இல்லை. அவர்களிடம் நான் இதைச் சொன்னபோது "இது மேத்ஸா அம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், மேத்ஸ்தான். கோலமும் அப்படித்தான். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி அறிவியலின் வரிசை இலக்கணமாகக் காட்டி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. என்றாலும், புள்ளி வைத்து வளைத்த கைக்கும் கட்டுரை எழுதிய கைக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு வாசல் தெளிப்பு கிடக்கிறது! ரோசிகா பார்க்கர் 1984இல் எம்பிராய்டரியைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். ஊசிவேலை பெண்ணை அடக்கமானவளாக வளர்க்கவும் பயன்பட்டது, அதே ஊசியால் அவள் எதிர்ப்பையும் தைத்தாள். காகிதத்துக்கும் இரண்டும் பொருந்தும். நம் வீடுகளில் முதலாவதுதான் அதிகம் நடக்கிறது.

சரி, இந்த உழைப்பு எந்தக் கணக்கில் வருகிறது? 2019இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிடும் நேரம் 299 நிமிடம், ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இந்த எண்களைப் பலமுறை மேற்கோள் காட்டியாகிவிட்டது. எனக்கு ஆர்வமூட்டுவது வேறொன்று. இத்தகைய கணக்கெடுப்புகளின் வகைப்பாட்டில் வீட்டை அலங்கரிப்பதற்கு ஒரு கட்டம் உண்டு, அது வீட்டுவேலை. குழந்தைக்குக் கற்றுக்கொடுத்து உதவுவதற்கு ஒரு கட்டம், அது பராமரிப்பு. கைவேலை செய்து மகிழ்வதற்கு ஒரு கட்டம், அது ஓய்வு, பொழுதுபோக்கு. இரவு பதினொரு மணிக்கு நட்சத்திரம் ஒட்டுகிறவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்? கேட்க வந்தவரிடம் அவளே, "சும்மா பிள்ளையோட கிராஃப்ட் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தச் 'சும்மா' அவளை மூன்றாவது கட்டத்தில் உட்காரவைத்துவிடும். இந்த மாநிலத்தில் 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். அதற்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை. வீட்டில் பெண் செய்வது உழைப்பு என்று அரசாணை ஒத்துக்கொண்டுவிட்டது. வீடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசும் அதையே சுற்றறிக்கையாக மாநிலங்களுக்கு அனுப்பியது. நல்ல உத்தரவு. ஆனால் 'ப்ராஜெக்ட்', 'ஆக்டிவிட்டி', 'செலிப்ரேஷன்' எல்லாம் வீட்டுப்பாடத்தில் சேருமா? எழுதச் சொன்னால்தானே வீட்டுப்பாடம். ஒட்டச் சொன்னால் கொண்டாட்டம். பிள்ளையின் முதுகிலிருந்து இறங்கிய சுமை அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டால் எந்த நீதிமன்றத்தில் மனுப்போடுவது?

இதற்கெல்லாம் 'மிஸ்'ஸைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். தனியார் மழலையர் பள்ளியில் சொற்பச் சம்பளம் வாங்கும் அந்தப் பெண்தான் பண்டிகைக்கு முந்தின நாள் பள்ளி விட்டபின் நாற்காலிமேல் நாற்காலி போட்டு வகுப்பறைக் கூரையில் தோரணம் கட்டுகிறாள். அந்தத் தாளைப் பல நேரம் தன் காசில் வாங்குகிறாள். வீட்டுக்குப் போனதும் அவள் பிள்ளைக்கு வேறொரு பள்ளியிலிருந்து வந்த செய்தி காத்திருக்கும். அரசின் அங்கன்வாடியில் சுவர் முழுக்கக் காகித விலங்குகளை ஒட்டிவைத்திருக்கும் பணியாளருக்கு ஒன்றிய அரசின் கணக்கேட்டில் இன்றும் 'ஊதியம்' கிடையாது, 'மதிப்பூதியம்'தான். ஒரு தோன்றா எழுவாய் இன்னொரு தோன்றா எழுவாய்க்கு வேலை ஏவ வேண்டிய இடத்தில் இரண்டு பேரையும் நிறுத்தியிருக்கிறார்கள். சேர்க்கை விளம்பரத்தில் அச்சாகப்போவது மட்டும் பள்ளியின் பெயர்.

இதில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். அக்கா. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பெரும்பாலான பெண்கள் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். இளங்கலை முதலாண்டில் ஒருத்தி மூன்று முறை ஒப்படைப்பைத் தாமதமாகக் கொடுத்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பிக்குக் கொலு பொம்மை செஞ்சுகிட்டிருந்தேன் அம்மா", அடுத்த முறை "தீபாவளிக்கு அகல் விளக்கு", மூன்றாவது முறை "ஸ்டார்". (தமிழ்த் துறையில் எங்களை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதன் சுமையைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும்.) அவள் அம்மா ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப இரவு பத்தாகும். அப்பா ஏழு மணிக்கே வந்துவிடுவார். வந்துவிடுவார் என்பதோடு அந்த வாக்கியம் முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு நேரமில்லை என்றால் கத்தரிக்கோல் அப்பாவிடம் போகாது, மகளிடம் போகும். பதினெட்டு வயதுப் பெண் சிலப்பதிகாரக் கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு ஜிகினா தூவுகிறாள். அதற்கு எட்டு வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள். 'பாப்பா எவ்வளவு பொறுமையா ஒட்டுது பாரு' என்று பாராட்டிப் பழக்கியது. பையன் ஒட்டாமல் எழுந்து ஓடினால் 'அவனுக்கு உட்கார முடியாது, பையன்ல' என்று சிரித்துப் பழக்கியது. காகிதத்தைச் சுற்றிய முதல் பாலினப் பாடம் இந்த இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும்.

'இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் ரெடிமேடாக வாங்கிவிட்டால் போகிறது' என்று வசதியுள்ளவர்கள் சொல்வார்கள். வாங்கலாம். அந்தத் தோரணத்தையும் ஒரு கை ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காகிதமும் பசையும் பெண்ணின் வீட்டுக்குள் கூலிக்கு வருவது நமக்குப் புதிதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டியும், கவர் ஒட்டியும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கிய பெண்களின் திண்ணைகளில் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் விரல்களில் காய்ந்த பசையைப் பார்த்து யாரும் 'எவ்வளவு அழகான கைவேலை' என்று படம் எடுக்கவில்லை. 1986இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் முடிந்தபின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள். அந்தக் கதவின் உள்ளே யாரைக் கூப்பிடுவார்கள் என்று மேலே சொன்ன அக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

இனி, எதிர்பார்க்கிற கேள்விக்கு வருகிறேன். 'பிள்ளையோடு உட்கார்ந்து தாள் வெட்டுவதில் இருக்கும் மகிழ்ச்சியையும் பெண்ணியம் பிடுங்கிக்கொள்ளுமா?' இல்லை. அந்த மகிழ்ச்சியைப் பிடுங்கியாயிற்று, பிடுங்கியது பெண்ணியம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாளைக் கிழிக்கவே ஆசை. கிழிக்கிற சத்தத்துக்காகவே கிழிக்கும். நான்கு வயதில் ஓரத்தை நறுக்கும். கோட்டின்மேல் வெட்ட இன்னும் நாளாகும். ஐந்து வயதுக் கை வெட்டியது என்றால் கோணலாகத்தான் இருக்கும், பசை பிதுங்கித்தான் இருக்கும், நீலத்தாள் வேண்டிய இடத்தில் பழைய தினத்தாளில் வந்த நடிகரின் பாதி முகம் இருக்கும். அந்தப் பிள்ளை அதைக் காட்டி இது நட்சத்திரம் என்று சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தைத்தான் நாம் இரவு பத்து மணிக்குத் தூங்கவைத்துவிட்டு, நம் நட்சத்திரத்தைக் காலையில் அதன் கையில் கொடுக்கிறோம். பரிசு வாங்கியதும் 'யார் செஞ்சது?' என்று கேட்டால், மேடையில் 'நான்' என்றும் வீட்டில் 'அம்மா' என்றும் சொல்ல அது கற்றுக்கொள்கிறது. பெண்ணின் உழைப்பை வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா? பையனாக இருந்தால் அவன் அதை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டான்.

ஆகவே கேட்கிறேன். பள்ளிக்கு நட்சத்திரம் வேண்டுமா? பள்ளி நேரத்தில், பள்ளியின் தாளில், பிள்ளைகளின் கையால் செய்துகொள்ளட்டும். அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கட்டும், ஆசிரியைக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் இருக்கட்டும். பரிசு வேண்டாம். வீட்டுக்கு ஏதாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் செய்தியை அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரே ஆண்டில் இந்த வழக்கம் ஒழிந்துவிடும். வீட்டில் தோரணம் வேண்டும் என்று யாருக்கு ஆசையோ அவர் தொடங்கட்டும், தொடங்கியவர் முடிக்கட்டும். முடிப்பது என்பதில் பெருக்குவதும் அடக்கம். கத்தரித்த துண்டுகளைப் பொறுக்குவது, தரையில் ஒட்டிய பசையைச் சுரண்டுவது, ஜனவரி கடைசியில் ஏணியில் மறுபடி ஏறி, சுவரில் பெயின்ட் உரியாமல் செல்லோடேப்பைப் பிய்ப்பது. ஏற்றும்போது படம் எடுத்தவர்கள் இறக்கும்போது எங்கே போகிறார்கள்? சிவராத்திரி வரை தொங்கும் நட்சத்திரத்தைப் பார்த்து விருந்தாளி 'இன்னும் எடுக்கலையா?' என்று கேட்பது யாரிடம்?

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தம்பியின் அல்லது அக்கா மகனின் பள்ளியிலிருந்து அடுத்த செய்தி வரும்போது, மறுப்பதற்குச் சண்டை போடத் தேவையில்லை. "எனக்குப் படிக்கணும்" என்று சொல்லுங்கள். முதல் முறை வீடு கேட்காது. 'ஒரு மணி நேரம்தானே' என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேளுங்கள்.

நான் மேலே சொன்ன மாணவி சென்ற டிசம்பரில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அவளுக்கு மறுநாள் பருவத் தேர்வு. தம்பி இப்போது இரண்டாம் வகுப்பு. கத்தரிக்கோலை அவனிடமே கொடுத்து, அப்பாவை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இவள் உள்ளே போய்ப் படித்திருக்கிறாள். படத்தில் இருந்த நட்சத்திரத்துக்கு நான்கே முனைகள். ஐந்தாவது எங்கே என்று பள்ளியில் மிஸ் கேட்டார்களாம். "நான் கரெக்டாத்தான் வெட்டுனேன். அப்பாவுக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்றானாம்.